மஸ்டா ஹப், ஃபோக்ஸ்வேகன் டிஸ்க், வில்வுட் காலிபர்: இந்த மூன்றும் ஒரே சக்கரத்தில் ஒத்துப்போகுமா?

பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் பிரித்து, எஞ்சின், சப்ஃப்ரேம் (சக்கர அமைப்பைத் தாங்கும் அடிச்சட்டம்), ஹப் (சக்கரம் மாட்டும் சுழலும் நடுப்பகுதி) எல்லாவற்றையும் புதுக் குழாய்ச் சட்டத்தில் மாட்டி வீட்டிலேயே கார் கட்டுவது பிரிட்டனில் பரவலான வழக்கம். மெவ் எக்ஸோசெட் அந்த வகையில் பேர்பெற்ற ஒன்று. கூடு கழன்றதும் எடை 650 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கட்டுபவரின் கண் அடுத்துப் போகும் இடம் முன் ப்ரேக். 1.6 லிட்டர் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் சக்கரத்தோடு சுழலும் 235 மிமீ ப்ரேக் டிஸ்க், சக்கரத்துக்குள் சின்னதாகத் தெரியும். அதைக் கழற்றிவிட்டு ஃபோக்ஸ்வேகன் கொராடோ ஜி60இன் 280 மிமீ டிஸ்க்கையும் வில்வுட் ஃபோர்ஜ்டு டைனலைட் காலிபரையும் (டிஸ்க்கை இரு பக்கமும் பேடுகளால் அழுத்திப் பிடிக்கும் பகுதி) தகட்டில் வெட்டிய பிராக்கெட்டில் சேர்ப்பது ஒரு பழகிய வழி. மூன்றும் மூன்று பேர் வடிவமைத்தவை. ஒன்றுக்கு ஒன்று பொருந்த வேண்டும் என்று யாரும் எண்ணிச் செய்யவில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 1.38 அங்குல பிஸ்டன், 0.81 அங்குல டிஸ்க் அகலம் (எவ்வளவு கனமான டிஸ்க்குக்கானது என்ற அளவு) கொண்ட டைனலைட்டை வாங்கி, பின்பக்கத்தை 1.8 லிட்டர் காரின் 251 மிமீ டிஸ்க்குக்கு ஏற்றினால் இது அருமையான ஜோடி. அதே காலிபரை 1.75 அங்குல பிஸ்டனோடு வாங்கினால் காசு கொடுத்து ப்ரேக்கைக் கெடுத்துக்கொள்கிறீர்கள். ரேஸ் ட்ராக் பக்கமே போகாத கார் என்றால் இரண்டுமே வேண்டாம். 1.8 எம்எக்ஸ்-5இன் முன் செட்டை, அதாவது 255 மிமீ டிஸ்க், காலிபர், பிராக்கெட், பேடு என்று முழுதாக ஒரே காரிலிருந்து எடுத்து மாட்டுங்கள். வெட்டவோ கடையவோ வேண்டியதில்லை.

ட்ராக் இல்லாவிட்டால் எதற்கு வேண்டாம் என்கிறோம் என்றால், நிற்கும் தூரத்தைக் கடைசியில் தீர்மானிப்பது டயரின் பிடி. 235 மிமீ டிஸ்க்கே 650 கிலோ காரின் முன் சக்கரத்தைச் சுழலாமல் தாராளமாகப் பூட்டிவிடும். பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் சக்தி. 160 கிமீ வேகத்தில் இருந்து இந்தக் காரை ஒருமுறை நிறுத்த ஏறக்குறைய 640 கிலோஜூல் ஆற்றலைச் சூடாக மாற்ற வேண்டும். அதில் முன் பக்கம் 68 சதவீதம் எடுத்தால் ஒரு முன் டிஸ்க்குக்கு 218 கிலோஜூல் வரும். டிஸ்க் 4 கிலோ என்றால் அந்த ஒரு நிறுத்தத்தில் 118 டிகிரி ஏறும், 6 கிலோ என்றால் 79. சாலையில் அடுத்த நிறுத்தத்துக்குள் ஆறிவிடும். ட்ராக்கில் அடுத்த வளைவு பத்து நொடியில் வந்துவிடும், வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

டிஸ்க்

ஜி60 டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் எளிது. நாலு போல்ட், 100 மிமீ வட்டம்; எம்எக்ஸ்-5க்கும் அதே. கனம் 22 மிமீ, நடுவில் காற்றோட்டம், தேய்ந்து 20 மிமீ ஆனால் மாற்ற வேண்டும். சாதாரண உதிரிபாகக் கடையில் சாதாரண விலைக்குக் கிடைக்கும். இரண்டு துண்டாகப் போல்ட் போட்ட பந்தய டிஸ்க்கின் விலையோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய இலவசம். உள்ளே இருக்கும் காற்றுத் தடுப்புகள் நேரானவை, எனவே இடது வலது பேதம் இல்லை. துளை போட்டதை வாங்காதீர்கள். பார்க்க நன்றாக இருக்கும், ட்ராக்கில் துளை ஓரத்தில் விரிசல் விடும்.

சிக்கல் நடுத் துளையில். ஃபோக்ஸ்வேகன் துளை 65 மிமீ. மஸ்டா ஹப்பின் நடு மேடு 54 மிமீ சொச்சம். வீல் ஸ்டட் (ஹப்பிலிருந்து நீளும் மரையாணி) நாலும் டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும் என்று அப்படியே மாட்டிவிடுபவர்கள் உண்டு. ஸ்டட்டுக்கும் துளைக்கும் இருக்கும் இடைவெளியில் டிஸ்க் ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்துவிடும். பேடு டிஸ்க்கின் விளிம்பில் ஏறி இறங்கும், வேகத்தில் அதிர்வும் வரும். ஹப் மேட்டை வெர்னியரில் அளந்து, லேத் பட்டறையில் ஒரு அலுமினிய வளையம் கடைந்து வாங்குங்கள். இரு பக்கமும் 0.05 மிமீ இடைவெளி போதும். வளையத்தின் உயரம் டிஸ்க் முகத்தைவிட அரை மிமீ தாழ்ந்தே இருக்க வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் வீல் டிஸ்க்கில் உட்காராமல் வளையத்தில் உட்காரும். நட் இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் ஓட ஓடத் தளரும்.

டிஸ்க்கை வைத்து நாலு நட்டையும் வாஷர் போட்டு இறுக்கியபின் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துச் சுற்றிப் பாருங்கள். 0.1 மிமீக்கு மேல் ஆட்டம் இருந்தால் முதலில் ஹப் முகத்தில் உள்ள துருவைச் சுரண்டுங்கள். பெரும்பாலும் குற்றவாளி அந்தத் துருதான்.

காலிபர்: அகலம்

வில்வுட் 1977இல் தொடங்கிய, கலிபோர்னியாவின் கமரில்லோவில் இயங்கும் பந்தய ப்ரேக் நிறுவனம். ஃபோர்ஜ்டு டைனலைட் அவர்களின் எளிமையான நாலு பிஸ்டன் காலிபர்: அலுமினிய உடம்பு, துருப்பிடிக்காத எஃகு பிஸ்டன், 1.4 கிலோ அளவுதான் எடை. இரண்டு காதுகளில் போல்ட் போகும், துளைகளுக்கு நடுவே 5.25 அங்குலம், அதாவது 133.35 மிமீ. இதே உடம்பு பல டிஸ்க் அகலங்களுக்கும் பல பிஸ்டன் அளவுகளுக்கும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பழைய சாமான் வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

0.81 அங்குலம் என்றால் 20.6 மிமீ டிஸ்க்குக்கானது. நம் டிஸ்க் 22. ஒவ்வொரு பக்கமும் 0.7 மிமீ குறைகிறது. பிஸ்டன்களை முழுக்க உள்ளே தள்ளி, புது பேடு போட்டு, டிஸ்க் கையால் தடங்கலின்றிச் சுற்றுகிறதா என்று பாருங்கள். இறுக்கமாக இருந்தால் தட்டையான கல்லில் உப்புத்தாள் ஒட்டி, பேடின் உராயும் முகத்தை 0.7 மிமீ வரை சமமாகத் தேய்த்து எடுக்கலாம். முகமூடி கட்டிக்கொண்டு செய்யுங்கள். டிஸ்க்கைக் கடைந்து 20.6 ஆக்கலாமே என்று தோன்றும். கூடாது. 20இல் தூக்கிப் போட வேண்டிய டிஸ்க்கை 20.6இல் தொடங்கினால் மிஞ்சுவது 0.6 மிமீ ஆயுள். சூட்டைத் தாங்கத்தானே கனமான டிஸ்க் வாங்கினோம்?

எதிர்த்திசைத் தவறு இன்னும் மோசம். பந்தயக் காரிலிருந்து கழற்றிய 1.25 அங்குல அகலக் காலிபர் மலிவாகக் கிடைக்கும். அது 31.75 மிமீ டிஸ்க்குக்கானது. 22 மிமீ டிஸ்க்கில் அது தாராளமாகப் போகும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு பிஸ்டனும் முதல் நாளிலேயே 4.9 மிமீ கூடுதலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பேடு பாதி தேய்ந்ததும் பிஸ்டனின் பின்புறம், ஆயிலை அடைக்கும் ரப்பர் சீல் வளையத்தை நெருங்கும். அதைத் தாண்டினால் ப்ரேக் ஆயில் மொத்தமும் வெளியே. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தக் காலிபரை விட்டுவிடுங்கள்.

காலிபர்: பிஸ்டன்

பொருந்துமா பொருந்தாதா என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. ஆனால் அதிகம் பேசப்படுவதென்னவோ பிராக்கெட்தான்.

ஒரே அழுத்தத்தில் ஒரு ப்ரேக் எவ்வளவு பிடிக்கும் என்பதை ஒப்பிட, ஒரு பக்கப் பிஸ்டன் பரப்பைப் பேடின் நடு ஆரத்தால் பெருக்கினால் போதும். மஸ்டா காலிபர் ஒற்றைப் பிஸ்டன், சறுக்கும் வகை. பிஸ்டனைக் கழற்றி அளந்து 51 மிமீ வந்தால் பரப்பு 2043 சதுர மிமீ. 235 டிஸ்க்கில் பேடின் நடு ஆரம் 97 மிமீ என்று வைத்துக்கொள்வோம். டைனலைட்டில் ஒரு பக்கம் இரண்டு பிஸ்டன். 1.38 அங்குலம் என்றால் 1930 சதுர மிமீ, 1.75 என்றால் 3104. 280 டிஸ்க்கில் நடு ஆரம் 116 அளவில் வரும்.

பெருக்கிப் பாருங்கள். 1.38 பிஸ்டன் முன் பிடியை 13 சதவீதம் கூட்டுகிறது. 1.75 பிஸ்டன் 82 சதவீதம் கூட்டுகிறது. இரண்டாவது எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம். முன் சக்கரம் வெகு சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், அப்போது பின் ப்ரேக் வேலை செய்யவே தொடங்கியிருக்காது. பின் டயரின் பிடி வீணாகும், நிற்கும் தூரம் பழைய ப்ரேக்கைவிடக் கூடும். அதோடு பெடலும் கீழே போகும். நகர்த்த வேண்டிய ப்ரேக் ஆயில் 52 சதவீதம் அதிகம், மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் உருளை) அதே 22.2 மிமீ. பெடல் ஆழமாகப் போகிறதே என்று பெரிய மாஸ்டர் சிலிண்டர் போடுவார்கள், மிதிக்கக் கல்லாகிவிட்டதே என்று பிறகு மிதிக்கு உதவும் சர்வோ தேடுவார்கள். எல்லாம் ஒரு தவறான பிஸ்டனால் வந்த செலவு.

1.38இல் ஆயில் தேவை பழையதைவிடச் சற்றுக் குறைவு, பெடல் கெட்டியாகும். 13 சதவீத முன் கூடுதலைச் சமன் செய்ய, பின்னால் 231 மிமீ டிஸ்க்குக்குப் பதில் 1.8 காரின் 251 மிமீ டிஸ்க்கையும் அதன் பிராக்கெட்டையும் போடுங்கள். நடு ஆரம் 97இலிருந்து 107 ஆகும், பின் பிடி 10 சதவீதம் கூடும். முன் 13, பின் 10. மஸ்டா பொறியாளர்கள் வைத்த விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. பின் ப்ரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மஸ்டாவின் அழுத்த விகித வால்வையும் கழற்றாமல் வைத்துக்கொள்ளலாம்.

சர்வோ இல்லாமல் போதுமா என்று கேட்பார்கள். பெடல் விகிதம் 5:1, காலால் 400 நியூட்டன், 22.2 மிமீ இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் என்றால் குழாயில் 52 பார் அழுத்தம். உராய்வுக் கெழு 0.4 உள்ள பேடில் ஒரு முன் சக்கரத்துக்கு 926 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. 650 கிலோ காரை ஈர்ப்பு முடுக்கத்துக்கு இணையாக நிறுத்த ஒரு முன் சக்கரத்துக்கு 630 போதும். 272 நியூட்டனில், அதாவது 28 கிலோ மிதியில் அது வந்துவிடும். பேலன்ஸ் பார் (மிதியை முன், பின் எனப் பங்கிடும் தண்டு) வைத்து இரண்டு தனி சிலிண்டர் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை எடுக்கக் கூடாது. அங்கே கால் விசை இரண்டாகப் பிரிகிறது, 19 மிமீ அளவு சிலிண்டர் தேவைப்படும்.

பிராக்கெட்

மேலே சொன்ன 630 நியூட்டன் மீட்டர், 116 மிமீ ஆரத்தில் 5400 நியூட்டனாக மாறுகிறது. அரை டன்னுக்கு மேல் காலிபரைச் சுழலும் திசையில் இழுக்கும் விசை அது. 6 மிமீ தகடு பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஆனால் முறுகும். எஃகு என்றால் 10 மிமீ, 6061-டி6 அலுமினியம் என்றால் 12.7 மிமீ வேண்டும். வெல்டிங் செய்த படிக்கட்டு வடிவம் வேண்டவே வேண்டாம், ஒரே தகட்டில் வெட்டுங்கள். அலுமினியத்தில் நேரடி மரை போட்டால் பேடு மாற்ற நாலு முறை கழற்றியதும் மரை போகும். எஃகு மரைச் செருகு போடுங்கள், இல்லாவிட்டால் ஊடே போகும் போல்ட்டும் உலோகப் பூட்டு நட்டும். போல்ட் தரம் 10.9க்குக் குறையக் கூடாது. இரண்டு தகடும் சேரும் இடத்தில் போல்ட்டின் வழுவழுப்பான தண்டு இருக்க வேண்டும், மரை இருக்கக் கூடாது.

வரைவதற்கு முன் டிஸ்க்கை ஹப்பில் மாட்டியே அளக்க வேண்டும், ஃபோக்ஸ்வேகன் டிஸ்க்கின் தொப்பி (ஹப்பில் உட்காரும் நடுப்பகுதி) ஆழமும் மஸ்டாவுடையதும் ஒன்றல்ல. அட்டையில் ஒன்று, பிறகு 12 மிமீ ஒட்டுப்பலகையில் ஒன்று, கடைசியாகத்தான் உலோகம். பேடின் வெளி விளிம்பு டிஸ்க் விளிம்புக்கு ஒரு மிமீ உள்ளே நிற்க வேண்டும். வெளியே நீட்டினால் நீட்டிய பகுதி தேயாமல் உதடு போல் நிற்கும். பேடு மெலியும்போது எதிரெதிர் உதடுகள் டிஸ்க்குக்கு வெளியே முட்டிக்கொள்ளும், பெடல் கெட்டியாக இருக்கும், கார் நிற்காது. அதிகம் உள்ளே தள்ளினாலும் தொல்லை: டிஸ்க் விளிம்புக்கும் காலிபர் முதுகுக்கும் குறைந்தது 2 மிமீ விட வேண்டும், சூட்டில் டிஸ்க் விரியும்.

காலிபர் டிஸ்க்குக்கு நட்ட நடுவில் உட்கார வேண்டும். இரு பக்க இடைவெளியின் வித்தியாசம் 0.25 மிமீக்குள் வரும்வரை காதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே மெல்லிய வாஷர் சேருங்கள். சறுக்கும் காலிபர் தானே நடுவுக்கு வந்துவிடும், இது நிலையான காலிபர், வராது. அதே காரணத்தால் ஹப் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் டிஸ்க் பிஸ்டன்களை உள்ளே தள்ளிவிடும். வளைவு முடிந்து மிதித்தால் முதல் மிதி பாதிக்குப் போகும், இரண்டாவது மிதி சரியாக இருக்கும். காற்று இருக்கிறதென்று திரும்பத் திரும்ப ஆயில் மாற்றிக்கொண்டிருப்பார்கள். எம்எக்ஸ்-5இன் முன் ஹப் மூடிய அலகு, சரிசெய்ய வழியில்லை. ஆட்டம் தெரிந்தால் மாற்றுங்கள்.

குழாய், வீல்

டைனலைட்டின் நுழைவு 1/8 அங்குல என்பிடி, அதாவது அமெரிக்கக் குழாய்களின் குவியும் மரை. மஸ்டா ஹோஸ் நேரடியாகச் சேராது, அடாப்டரும் புது ஹோஸும் வேண்டும். குவியும் மரை மரையிலேயே அடைக்கும், வாஷர் கிடையாது. ப்ரேக் ஆயிலைத் தாங்கும் திரவ சீலன்ட் ஒரு துளி போதும். வெள்ளை டேப் சுற்றாதீர்கள், பிசிர் உள்ளே போய் துளையை அடைக்கும். கசிகிறதே என்று ஒரேயடியாக இறுக்கினால் அலுமினிய உடம்பு பிளக்கும். ஹோஸை, ஸ்டியரிங் இரு பக்கமும் முழுக்கத் திருப்பியும் சக்கரம் முழுக்கத் தொங்கியும் இருக்கும்போது அளந்து வாங்குங்கள்.

காற்று வெளியேற்றும் நிப்பிள் நாலு இருக்கும். மேலே இருக்கும் இரண்டையும் திறக்க வேண்டும், ஒன்றோடு நிறுத்தினால் மறு பாதியில் காற்று நிற்கும். ப்ரேக் ஆயிலின் தர வகைகளில் டாட் 4 சாலைக்குப் போதும், புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. டாட் 5.1 என்றால் 260. எண்ணில் பக்கத்திலேயே இருக்கும் டாட் 5 சிலிகான் வகை, இதில் ஊற்றாதீர்கள்.

எம்எக்ஸ்-5இன் 14 அங்குல வீல் இதற்கு மேல் ஏறாது. 15 அங்குலத்திலும் எல்லா வீலும் ஏறாது. ஆரக்கால் உட்பக்கம் காலிபர் முகத்தில் உரசுவதே அதிகம். எந்த இடத்திலும் 3 மிமீ இடைவெளி விடுங்கள். டயர்க் கடையில் உட்பக்கம் ஒட்டும் பேலன்ஸ் எடையை மறந்துவிடாதீர்கள். வீட்டில் சரியாகச் சுற்றிய வீல், அந்த எடை ஒட்டி வந்தபின் காலிபரைச் செதுக்கும்.

டைனலைட்டின் குறைகள்

இது பந்தயத்துக்காகச் செய்தது, மழைக்கும் சாலை உப்புக்கும் அல்ல. பிஸ்டனைச் சுற்றித் தூசு உறை கிடையாது. பிரிட்டன் குளிர்காலத்தில் ஓட்டினால் பிஸ்டனைச் சுற்றி அழுக்கு சேர்ந்து, பேடு திரும்ப விலகாமல் இழுத்துப் பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை பேடைக் கழற்றி, பிஸ்டனைச் சற்று வெளியே தள்ளித் துடைத்து உள்ளே விடும் பொறுமை இருக்க வேண்டும். பேடு ஆடாமலிருக்கும் ஸ்பிரிங் தகடும் இல்லை, மேடு பள்ளத்தில் டக் டக்கென்று சத்தம் வரும். அது கோளாறல்ல, ஆனால் எரிச்சல்தான். பேடைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னை ஒருமுறை வளைத்தபின் மீண்டும் பயன்படுத்தாதீர்கள். எடை குறைகிறது என்று விற்பார்கள். காலிபரில் மிச்சமாவதில் பெரும்பங்கைப் பெரிய டிஸ்க் தின்றுவிடும்.

பின்னாலும் டைனலைட் போடலாமா என்ற ஆசைக்கு ஒரே பதில்: ஹேண்ட்பிரேக். இதில் அதற்கு வழியில்லை. பிரிட்டனின் தனி வாகன ஒப்புதல் சோதனையான ஐவிஏ, பார்க்கிங் பிரேக் இயந்திர முறையில் பிடிக்க வேண்டும் என்று கேட்கும், முன் சக்கரம் பின்னதற்கு முன்பு பூட்ட வேண்டும் என்றும் கேட்கும். மஸ்டா பின் காலிபரை வைத்துக்கொண்டால் முதலாவது தானே தீர்கிறது, விகிதத்தைக் காத்தால் இரண்டாவதும் தீரும்.

அந்தப் பின் காலிபரின் பிஸ்டனைச் சி-கிளாம்ப் போட்டு அழுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் ஹேண்ட்பிரேக் திருகு போய்விடும். காலிபரின் பின்புறம் 14 மிமீ ஸ்பானர் போகும் மூடி போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 மிமீ அலன் கீ போகும் திருகு தெரியும். இடப்பக்கம் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும். பேடு மாட்டியபின் டிஸ்க் பிடிக்கும்வரை வலப்பக்கம் திருப்பி, அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு சுற்று பின்வாங்குங்கள். இதைச் செய்யாமல் ஹேண்ட்பிரேக் கேபிளை மட்டும் இறுக்கினால் முன்னால் எந்தக் காலிபர் போட்டிருந்தாலும் பெடல் ஆழமாகத்தான் போகும்.

புது பேடைப் பழக்க, 50 கிமீ வேகத்திலிருந்து 20க்கு மிதமாகப் பத்து முறை, பிறகு 90இலிருந்து 40க்குச் சற்று அழுத்தமாகப் பத்து முறை, நடுவில் ஆற விட்டு ஓட்டுங்கள். முழுதாக நிறுத்தி மிதித்துக்கொண்டே நிற்காதீர்கள், சூடான பேடு டிஸ்க்கில் ஒட்டித் தடம் போடும். திரும்பி வந்ததும் வீலைக் கழற்றி பிராக்கெட் போல்ட் நாலுக்கும் மறுபடி டார்க் ரெஞ்ச் வையுங்கள். போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயிண்ட் கோடு ஒன்று இழுத்துவிட்டால் அடுத்த முறை வீலின் ஆரக்கால் வழியாகவே பார்த்துக்கொள்ளலாம்.